ஊசி தொடாத கட்டி

நான் வேலையை விட்டு நின்ற அன்று நீங்கள் எல்லாரும் கேக் வாங்கி வைத்து, "அக்கா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றீர்கள். நான் எழுந்து நின்று, "எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. இருபத்து நான்கு வருஷம் இதே ஆரணியில் ஒரே ஸ்கேன் சென்டரில் இருந்தவளுக்கு ஏழு பேர் முன்னால் பேச வரவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. என் சுபாவம் அப்படி. பேச வேண்டிய இடத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும். பஸ் ஏறிய பிறகுதான் வார்த்தை வரும்.

அந்தச் சுபாவத்தால் ஒரு மனுஷனுக்கு உயிர் போகிற அளவுக்கு ஆகியிருக்கும். அதைத்தான் எழுதித் தருகிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தாலும் எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம். உங்களில் பாதிப் பேருக்கு நான் நர்ஸ் என்று நினைப்பு. நான் பத்தாவது வரை படித்தவள். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பட்டு வியாபாரி வீட்டில் நூல் பிரிக்கிற வேலை. சாயம் ஏற்றி வந்த நூலில் ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத் தனித்தனியாக வைக்க வேண்டும். டியூப் லைட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அங்கே முதுகு வலிக்கிறது என்று இங்கே கூட்டிப் பெருக்க வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். முதல் வருஷம், "நான் சிஸ்டர் இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க சிஸ்டர்" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

என்னை உள்ளே அழைத்தவர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேலூரிலிருந்து வருவாரே, அந்த டாக்டர் மேடம். உங்களில் சிலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குள்ளமாக இருப்பார். ஸ்டூல் போட்டுக்கொண்டுதான் ஊசி போடுவார். டிபன் பாக்ஸில் என்ன இருந்தாலும் பாதி எனக்குத்தான். அவர்தான் ஒருநாள் என்னிடம், "பயாப்ஸிக்கு வர்றவங்களுக்கு மூச்சு சொல்லித் தர்றது இனிமே ஒன் வேலை" என்றார். நான் பயந்துபோய், எனக்கு என்ன மேடம் தெரியும் என்றேன். "நான் சொன்னா டாக்டர் சொல்றாங்கன்னு பயந்து மூச்சை முழுங்கிடறாங்க. ஒன்னைப் பாத்தா யாருக்கும் பயம் வராது" என்றார். பாராட்டா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே இருக்கும் கட்டியில் ஊசி வைத்துச் சதை எடுக்கிற இந்தப் பயாப்ஸி வேலையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதைப் பற்றிப் போன மாதம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். ஸ்கேனில் கண்ணால் பார்த்துக்கொண்டேதானே குத்துகிறார்கள், பிறகு எப்படிக்கா தவறும் என்று. நல்ல கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திரையில் தெரிகிற கட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மூச்சை இழுத்தால் கல்லீரல் இரண்டு விரல் அளவு கீழே இறங்கும். விட்டால் மேலே ஏறும். அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம் அளவு கட்டி இருந்தால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். ஊசிக்குள் இருக்கும் ஸ்பிரிங் 'டக்' என்று அடித்துச் சதையை வெட்டுவது கண் மூடித் திறக்கிற நேரம். அந்த நேரத்தில் படுத்திருப்பவர் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் கட்டியும் நிற்கும். ஆகவே வேலையில் பாதி டாக்டருடையது. மீதிப் பாதி படுத்திருப்பவருடையது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பயாப்ஸிக்கு முன்னால் நான் நோயாளியிடம் எதற்கு ஊசி, எங்கே ஊசி, எப்போது மூச்சை நிறுத்த வேண்டும் என்று எல்லாம் சொல்லி, நாலைந்து தடவை செய்து பார்க்க வைக்க வேண்டும். அந்த 'டக்' சத்தத்தைக் காற்றில் ஒரு தடவை அடித்துக் காட்ட வேண்டும். எதிர்பார்க்காத சத்தம் வந்தால் யாராயிருந்தாலும் திடுக்கிட்டு மூச்சை இழுப்பார்கள். மேடம் கையுறை போடும் முன் என்னைப் பார்த்து, "சொல்லியாச்சா?" என்பார். நான் "ஆச்சு மேடம்" என்றால்தான் கையுறை போடுவார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, படவேட்டுப் பக்கமிருந்து ஏழுமலை என்று ஒருவர் வந்தார். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே வயசு. கருத்து, அகன்ற நெஞ்சு. உடம்பு இளைத்திருந்தாலும் நெஞ்சு மட்டும் இளைக்கவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி காய்ச்சல். இங்கே ஒரு டாக்டர் பார்த்து ஸ்கேன் எடுக்கச் சொன்னதில் கல்லீரலில் கட்டி தெரிந்தது. பயாப்ஸிக்கு நம்மிடம் அனுப்பினார்கள். கூட மனைவியும், மகன் சேகரும். சேகர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. லீவு போட்டு வந்திருந்தான்.

ஏழுமலை உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றுவதற்குள் சேகர் என்னை ஓரமாக அழைத்தான். கண் கலங்கியிருந்தது. அப்பாவிடம் கட்டி என்று சொல்லவில்லை, கல்லீரல் வீக்கம், அதற்கு மருந்து ஊசி போடப்போகிறார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறோம் என்றான். "அவர் பாக்கறதுக்குத்தான் சிஸ்டர் முரட்டு ஆளு. கட்டின்னு காதுல வுழுந்துச்சுன்னா அன்னிக்கே படுத்துடுவாரு. ஒண்ணும் சொல்லாதீங்க. ஒங்க கால்ல வுழறேன்."

நம் ஊர்ப் பக்கத்தில் இது புதுசு இல்லை என்று உங்களுக்கே தெரியும். பத்து குடும்பத்தில் எட்டு குடும்பம் இப்படித்தான் வரும். அன்பினால்தான் செய்கிறார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது அந்தப் பையனை உட்கார வைத்து, தெரியாமல் செய்தால் சரியாக வராதப்பா என்று பேசியிருக்க வேண்டும். அவன் அழுதான். எனக்கு அழுகிறவர்களிடம் எதிர்த்துப் பேச வராது. தலையை ஆட்டிவிட்டேன்.

எதற்கு ஊசி என்று சொல்லக் கூடாது என்றால் மூச்சை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நாலைந்து தடவை பிடித்துப் பார்க்கச் சொன்னால், மருந்து ஊசிக்கு எதற்கு மூச்சு என்று கேட்பார். 'டக்' அடித்துக் காட்டினால், இது என்ன என்பார். அதனால் இரண்டையும் செய்யவில்லை. ஏழுமலையிடம், "அசையாம படுங்க, சொன்னா மூச்சை நிறுத்துங்க, ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். நான் எல்லாரிடமும் சொல்கிற பொய்யே அந்த 'ஒண்ணும் இல்ல'தான்.

அன்று வெளியே சேத்துப்பட்டிலிருந்து ஒரு கர்ப்பிணி வந்திருந்தாள். இரத்தப்போக்கு. அவளுடைய புருஷன் கதவருகே நடந்துகொண்டே இருந்தான். மேடம் அவசரத்தில் இருந்தார். இருந்தும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லியாச்சா?"

"ஆச்சு மேடம்" என்றேன்.

முதல் தடவை 'டக்' என்றதும் ஏழுமலை திடுக்கிட்டு ஒரு மூச்சு இழுத்தார். உடம்பே தூக்கிப் போட்டது. "அசையாதீங்க பெரியவரே" என்றார் மேடம். இரண்டாவது தடவை, எப்போது அந்தச் சத்தம் வருமோ என்று அவர் பயந்துபோய், சத்தம் வருமுன்பே மூச்சை இழுத்துவிட்டார். சதை வந்தது. சேமியாத் துண்டு போல இரண்டு. நான் பாட்டிலில் போட்டேன். மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"போதுமா?"

எனக்குப் பழைய பழக்கம், பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துண்டும் முனையிலிருந்து முனை வரை ஒரே பழுப்பு. நல்ல கல்லீரல் அந்த நிறம்தான். கட்டியில் எடுத்த சதையில் எங்கேயாவது வெளுப்பு தெரியும். சாம்பல் நிறமாவது இருக்கும். எப்போதும் அப்படித்தான் என்று இல்லை, ஆனால் நான் பார்த்தவரையில் அநேகமாக அப்படித்தான். இதில் ஒரு புள்ளி வெளுப்புகூட இல்லை. என் மனசுக்குப் பட்டுவிட்டது. வாயைத் திறந்தேன். பத்தாவது படித்தவள் டாக்டரிடம் நிறம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? வெளியே அந்தப் புருஷன் கதவைத் தட்டினான்.

"ரெண்டு இருக்கு மேடம்" என்றேன்.

அது பொய் இல்லை. இரண்டுதான் இருந்தது. அவர் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். மேடம் அடுத்த அறைக்கு ஓடினார். அந்தக் கர்ப்பிணியும் குழந்தையும் பிழைத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு அது மனசில் நிற்கும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை லேப்பிலிருந்து ரிப்போர்ட் வந்தது. மேடம் இல்லாத நாள். அந்தக் காலத்தில் கவர் வந்ததும் கவுண்டரிலேயே கொடுத்துவிடுவோம். சேகர் வந்து அங்கேயே பிரித்தான். கல்லீரல் திசு இயல்பாக இருக்கிறது, புற்று அணுக்கள் இல்லை என்று இங்கிலீஷில் இருந்தது. அவன் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கீழே ஒரு சின்ன வரி இருந்தது. ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று. அந்த வரி எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும். அதனாலேயே யாரும் படிப்பதில்லை. கால் மணி நேரத்தில் பால்கோவா டப்பாவோடு திரும்பி வந்து எல்லாருக்கும் கொடுத்தான். நானும் எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டேன்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர், என்னடி பேஜார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகன் கேட்டுக்கொண்டது, நான் சொல்லித் தராதது, ஆச்சு என்று பொய் சொன்னது, பழுப்பு நிறம், கவரைக் கொடுத்தது. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் கம்ப்யூட்டரில் அன்றைய படத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் ரிப்போர்ட்டை வைத்தார்.

"படத்துல இருக்கறது பேப்பர்ல இல்லன்னா, கட்டி இல்லன்னு அர்த்தம் இல்ல. நாம அதைத் தொடலன்னு அர்த்தம்" என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, ஊசி பிடித்த கை என்னுடையது, அந்த ஆள் மூச்சு இழுத்ததை நானும் பார்த்தேன், கொஞ்சம் இரு என்று அந்தக் கதவைப் பார்த்து நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நிறத்தை ஏன் சொல்லவில்லை என்றார்.

"நான் படிக்காதவ மேடம்."

"கண்ணு படிச்சிட்டுதான் பாக்குமா?" என்றார்.

அனுப்பிய டாக்டருக்குப் போன் செய்தார். ஏழுமலை வீட்டார் அங்கே திரும்பிப் போகவே இல்லை. சேகருக்கு நான் போன் செய்தேன். மறுபடி ஒரு தடவை எடுக்க வேண்டும் என்றேன். ரிப்போர்ட்டே நார்மல் என்று இருக்கிறது, பிறகு என்ன என்றான். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். "நீங்கதான் சிஸ்டர் எடுத்தீங்க, நீங்கதான் கொடுத்தீங்க. இப்ப நீங்களே இல்லன்றீங்க. எதைத்தான் நம்பறது?" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் எடுக்கவில்லை. மேடம் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாள் போகப் போகக் கட்டி வளரும். என்ன வகை என்று தெரியாமல் எந்த டாக்டரும் மருந்து தொடங்க மாட்டார். நார்மல் என்கிற பேப்பர் கையில் இருக்கும்வரை அவர்கள் எந்த டாக்டரிடமும் போகவும் மாட்டார்கள். அந்தப் பேப்பரைக் கொடுத்தவள் நான்.

போனில் சேகர் ஒன்று சொல்லியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேணுகாம்பாள் கோயிலில் பொங்கல் வைக்கிறோம் என்று. மேடத்திடம் சொன்னேன், நான் போய்ப் பார்க்கட்டுமா என்று. போ என்றார். மகனிடம் பேசாதே, அந்த ஆளிடமே பேசு, உடம்பு அவருடையது என்றார். சென்டர் சார்பாகப் போகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அது கடைசிவரை என் பையிலேயே இருந்தது.

படவேட்டுக்கு பஸ் குறைவு என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாது. போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் மரத்தடியில் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். ஏழுமலையின் மனைவிதான் முதலில் பார்த்தார். "ஸ்கேன் சிஸ்டர் வந்துகிறாங்க" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டு, ஒரு பாயைத் தட்டிப்போட்டார். சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்ததாக நினைத்துவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

சேகர் என்னைப் பார்த்ததும் நேராக வந்து, குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஊட்ல நல்லது நடக்கற நாள்ல வந்து இன்னாத்துக்கு சிஸ்டர் இப்படிப் பண்றீங்க? நாஷ்டா பண்ணிட்டுக் கெளம்புங்க" என்றான். எழுந்துவிட்டேன். உண்மையாகவே கிளம்பிவிட்டேன். பத்தடி நடந்திருப்பேன்.

"இன்னா சிஸ்டர், ஊசியை உள்ளயே மறந்து வச்சிட்டீங்களா, தேடிகினு வந்துகிறீங்க?"

ஏழுமலை. கையில் விறகோடு சிரித்துக்கொண்டு நின்றார். முன்னைவிட இளைத்திருந்தார். சிரிக்கும்போது கழுத்து நரம்பு தெரிந்தது. மேடத்துக்குத் தெரிந்த வார்த்தைகள் எதுவும் எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நாங்க அன்னிக்கு எடுத்தது கட்டியிலேர்ந்து இல்லீங்க. அதுக்குப் பக்கத்துல எடுத்துட்டோம். அந்த ரிப்போர்ட்டு பக்கத்துல இருந்த நல்ல சதைக்கு வந்தது. ஒங்க கட்டிக்கு வந்தது இல்ல."

"கட்டியா?" என்றார்.

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா கையில் இருந்த கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஏழுமலை விறகைக் கீழே வைத்தார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

"பக்கத்துல எப்படிப் போச்சு? டிவியில பாத்துகினுதானே குத்தனாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். மூச்சு இழுத்தால் கல்லீரல் இறங்கும், அந்தச் சத்தத்துக்கு நீங்கள் மூச்சு இழுத்துவிட்டீர்கள், அந்தச் சத்தம் வரும் என்று நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித் தருவது என் வேலை, நான் செய்யவில்லை என்று சொன்னேன். மகன் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அவருக்குக் கோபம் வந்தது. கட்டி என்றதும் வராத கோபம் இதற்கு வந்தது.

"மூச்சா? டேய் சேகரு, மூச்சாடா? இந்தச் சுத்துப்பட்டுல எவன் கெணத்துல மோட்டார் வுழுந்தாலும், புட்வால்வு அடைச்சிகினாலும் யாரைடா கூப்டுவானுங்க? முப்பதடி தண்ணில முங்கி, அடியில கையால தடவித் தடவிக் கயிறு கட்டிட்டு மேல வர்ற ஆளுடா நானு. எனக்கு மூச்சு புடிக்கத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாயங்காலம் வரைக்கும் புடிச்சிகினு படுத்திருப்பேனேடா."

சேகர் அழுதான். "பயந்துட்டேன்பா" என்றான். ஏழுமலை அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பலமாகத்தான் தட்டினார். பிறகு அந்தக் கையை எடுக்காமல் அவன் தலைமேலேயே வைத்துக்கொண்டார்.

"எந்தக் கெழமை வரணும்?" என்றார் என்னிடம்.

"செவ்வாக்கெழமைங்க. வெறும் வயித்துல."

"பொங்கல் துன்னுட்டுப் போங்க. சாமி இன்னா பண்ணும் பாவம், அதுக்கும் நார்மல்னுதான் சொல்லி வச்சோம்" என்றார். கடைசி பஸ்ஸுக்கு சேகர்தான் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டான். பஸ் வந்ததும் சீட்டுப் பிடித்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை நான் அவருக்கு எல்லாம் சொல்லித் தந்தேன். காற்றில் 'டக்' அடித்துக் காட்டினேன். இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டார். அவரிடம் ஒரே தொல்லை, கிணற்றில் முங்குகிறவர் மாதிரி நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தார். மேடத்துக்கு அது வேண்டாம். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, பாதியில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்க வேண்டும். "பாதி மூச்சுல முங்கினா நான் மேல வர்றதுக்குள்ள எனக்குப் பாலை ஊத்திடுவாங்க சிஸ்டர்" என்றார். இருந்தும் ஏழெட்டுத் தடவையில் பிடித்துக்கொண்டார். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே, "இங்கதான், இதே இடம், இதே இடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லியாச்சா?"

"ஆச்சு மேடம்."

"நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். 'டக்'. இமைகூட அசையவில்லை. ஊசி வெளியே வந்தது. நான் சதையைப் பாட்டிலில் விட்டு ஜன்னலுக்கு ஓடினேன். மேடமும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முக்கால் பாகம் வெளுப்பு. முனையில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. மேடம் அன்று போதுமா என்று கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"வெள்ளையா இருக்கு மேடம். இதுதான்."

இருவரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று மேடம், "ஐயோ, அவரை மூச்சு விடச் சொல்லும்மா" என்றார். நான் மறந்தே போய்விட்டேன். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். விடுங்க என்றதும் நிதானமாக விட்டு, "இதுக்கேவா?" என்றார்.

கெட்டதுதான் வந்தது. நிணநீர் சம்பந்தப்பட்ட புற்று. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்று மேடம் சொன்னார். இதே கட்டியைக் கல்லீரல் புற்று என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தால் வேறு மாதிரி போயிருக்கும் என்றார். புற்றா இல்லையா என்று மட்டும் பார்க்கிற வேலை இல்லை இது என்பதை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். வேலூரில் ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, திரும்ப முளைத்தது. கிணற்றில் இறங்கக் கூடாது என்று எல்லாரும் சொல்லியிருக்கிறோம். இறங்குகிறார் என்று அவர் மனைவி ஒவ்வொரு தடவையும் என்னிடம் புகார் சொல்வார்.

அதற்குப் பிறகுதான் நம் சென்டரில் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கவுண்டரில் கொடுப்பதில்லை. டாக்டர் வந்து படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறோம். வருகிறவர்கள் தாமதம் என்று சண்டை போடுவார்கள். போடட்டும். நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். 'ஒன்றும் இல்லை' என்று வருகிற ரிப்போர்ட் எல்லாம் பொய் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு தடவை எடுத்தும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. வீட்டார் மூன்றாவது தடவையும் எடுங்கள் என்று மேடத்தை நெருக்கினார்கள். மேடம் படத்தைப் பார்த்தார், இரண்டு தடவையும் ஊசி கட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்தார், மாட்டேன் என்றார். தொட்டோம், அது கெட்டதில்லை, இனிமேல் குத்தினால் இரத்தக் கசிவுதான் மிச்சம், மூன்று மாதம் கழித்து ஸ்கேன் மட்டும் பாருங்கள் என்றார். மூன்று மாதத்தில் அது சின்னதாகிவிட்டது. எப்போது மறுபடி குத்த வேண்டும், எப்போது ஊசியைக் கீழே வைக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் இருந்தது ஒரே கேள்விதான். தொட்டோமா, தொடவில்லையா. அதற்கு உண்மையான பதில் அவருக்குக் கிடைக்க வேண்டுமானால் பாட்டில் பிடிக்கிறவரும், மூச்சு சொல்லித் தருகிறவரும், பெருக்குகிறவரும்கூட வாயைத் திறக்க வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் இருக்கிறது.

மேடம் இப்போது மகள் வீட்டோடு பெங்களூரில் இருக்கிறார். எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நானும் நின்றுவிட்டேன்.

நான் நிற்பதற்கு முந்தின வாரம் ஏழுமலை வருஷா வருஷம் எடுக்கிற ஸ்கேனுக்கு வந்தார். சுகன்யா, நீதான் அன்று உள்ளே இருந்தாய். வெளியே கூட்டம். நான் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ ஜெல்லைத் தடவிவிட்டு வழக்கம்போல, "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க தாத்தா" என்றாய். அவர் பிடிக்கவில்லை. கையை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

"இன்னாத்துக்குன்னு சொல்லும்மா. புடிக்கிறேன்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு நீ அவர் பக்கத்தில் குனிந்து, கல்லீரல் எங்கே இருக்கிறது, மூச்சு இழுத்தால் அது எப்படி இறங்கும் என்று விலாவில் விரல் வைத்துக் காட்டிச் சொன்னாய். அவருக்கு அதெல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, மூச்சைப் பிடித்தார்.